மறந்துடுங்க என்று சொன்னவர்கள்

கண்ணாடி என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். கட்டிடங்களுக்குக் கண்ணாடி பொருத்துவது தொழில். மனதில் இருப்பது அப்படியே முகத்தில் தெரிந்துவிடும் ஆள் என்பதால் அந்தப் பட்டப்பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தி ஒட்டிக்கொண்டது. ஆளுயரக் கண்ணாடியை ரப்பர் கைப்பிடியால் கவ்விப் பிடித்து, சாரத்தில் நின்றபடி சட்டத்துக்குள் இறக்கும்போது அவன் மூச்சுகூட விடமாட்டான் என்பார்கள் கூட வேலை பார்த்தவர்கள்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அலுவலகக் கட்டிடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் சாரப் பலகையின் ஒரு முனையைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். காண்ட்ராக்டருக்கு அவசரம். பலகை புரண்டது. அவன் பிடித்திருந்த ஆளுயரக் கண்ணாடி தரையில் விழுந்து நொறுங்கியது. அவன் மணல் குவியல் மேல் மல்லாக்க விழுந்ததால் உயிர் தப்பியது. முதுகுத்தண்டு மார்பின் நடுவில் முறிந்திருந்தது. அதற்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அவனிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பழமொழியைக் கொண்டுவந்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நாலாவது ஆள் அதைச் சொன்னபோது, பாதி உடம்பு உங்க ஊர்ல தலைப்பாகையா என்று கேட்டான். வந்தவர் வாங்கி வந்த பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

பயிற்சி வார்டில் அவனுக்கு நிறைய சொல்லிக்கொடுத்தார்கள். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரள்வது, குழாய் விட்டு எப்படிச் சிறுநீர் எடுப்பது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படித் தாவுவது. எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். கைகள் நன்றாகவே இருந்தன. ஒரு நாள் பெரிய டாக்டர் மாணவர்கள் புடைசூழ ரவுண்ட்ஸ் வந்தார். அவன் குரலைத் தாழ்த்தி, பொண்டாட்டியோட இருக்க முடியுமா, குழந்தை பிறக்குமா என்று கேட்டான். டாக்டர் குரலைத் தாழ்த்தவில்லை.

"உயிரோட இருக்கீங்களே, முதல்ல அதுக்குச் சந்தோஷப்படுங்க. மத்ததெல்லாம் மறந்துடுங்க."

மாணவர்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அவ்வளவுதான். பிற்பாடு அவனைக் கேட்டால், விழுந்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை என்பான்.

மறந்தான். மறப்பதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி கோபப்படுவது. வீட்டுக்கு வந்ததும் தனிக் கட்டில் போடச் சொன்னான். பழைய கடை முதலாளி வெட்டு மேஜையின் கால்களை அறுத்துத் தாழ்த்திக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணாடி வெட்டினான். வைர முனையால் கீறி, விளிம்பில் ஒரு தட்டு; நேராகப் பிளக்கும். கடையில் இருக்கும்வரை நல்ல மனிதன். வீட்டு வாசலில் சக்கரம் ஏறியதும் முகம் மாறிவிடும்.

உடம்பும் அவனைக் கேலி செய்தது. குழாய் விடும்போதும் துடைக்கும்போதும், கேட்காமலேயே விறைப்பு வரும். வேண்டும் என்று நினைத்தால் வராது. வந்தாலும் அவனுக்கு உணர்ச்சி இல்லை. யாரோ ஒருவருடைய உடம்பைத் தன் இடுப்பில் கட்டிவிட்டது போல இருந்தது. இது ஏன் வருகிறது, இதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. கேட்டால்தான் மறக்கச் சொல்வார்களே.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பிள்ளைகள் அவளை டிரைவரக்கா என்பார்கள். அவள் ஒரு அதட்டல் போட்டால் வேனே அடங்கிவிடும். அப்படிப்பட்டவள் வீட்டில் வாய் திறக்காமல் கிடந்தாள். மாமியார் வாரம் ஒரு முறை வந்து, நீ சின்னப் பொண்ணு, உனக்கு இது விதியா என்று ஆரம்பிப்பாள். கேட்க அக்கறை மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது வேறு. பிள்ளை இல்லாத வீட்டில் மருமகள் எத்தனை நாள் தங்குவாள், போகிறவள் எதை எடுத்துக்கொண்டு போவாள் என்ற கணக்குதான். அவனுடைய அண்ணன் இன்னும் நேராகவே பேசினான். அவளை அனுப்பி வை, அவளாவது நல்லா இருக்கட்டும் என்றான்.

அண்ணன் பேச்சு காதில் விழுந்த மறுநாள், அவனே அவளிடம் சொல்லிவிட்டான். உங்க அம்மா வீட்டுக்குப் போ, வேற கல்யாணம் பண்ணிக்க என்று. அவள் வேனின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையில் ஸ்பேனர்.

"நான் என்ன வேனா? ஒருத்தர் ஓட்டிட்டு இன்னொருத்தர்கிட்ட கைமாத்தி விடறதுக்கு? எனக்கு என்ன வேணும்னு இந்த வீட்ல ஒருத்தராவது கேட்டீங்களா?"

அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னான். அன்றைக்கு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். இப்படியே வருடங்கள் ஓடின.

சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். அதற்காக வேறு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வரிசையில் இன்னொரு சக்கர நாற்காலி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விளையாடும் கூடைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் கோச். அவர் மடியில் ஒரு பெண் குழந்தை அவருடைய சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. அடிபடறதுக்கு முன்னாடியே பிறந்ததா என்று கண்ணாடி சும்மா பேச்சுக்குக் கேட்டான். அடிபட்டு எத்தனையோ வருஷம் கழிச்சு என்றார் கோச். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

பிறகு அவரே சொன்னார். கையில் பிடிக்கிற அளவுக்கு ஒரு அதிர்வுக் கருவி இருக்கிறது. ஆண்குறியின் நுனியில் வைத்தால், முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி மூளையைக் கேட்காமலேயே தன் வேலையைச் செய்துவிடும். நிறைய பேருக்கு விந்து வந்துவிடும். அதற்கும் வராதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மின்சாரத்தால் எடுக்கும் முறை ஒன்று உண்டு. விறைப்பு நிற்பதற்கு மாத்திரை உண்டு, ஊசி உண்டு. எல்லாம் புதுசு இல்லை, ரொம்ப காலமாக இருப்பதுதான் என்றார்.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. கொலைவெறி வந்தது. ரொம்ப காலமாக இருப்பது என்றால், அந்த டாக்டர் மறந்துடுங்க என்று சொன்ன அன்றைக்கும் இருந்தது. தனிக் கட்டில் போட்ட அன்றைக்கும் இருந்தது. ஸ்பேனரோடு அவள் கத்திய அன்றைக்கும் இருந்தது. வேனில் வீடு திரும்பும்போது வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். வீட்டில் வைத்து அவளிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அந்த டாக்டருக்குக் கல்யாணம் ஆகிடுச்சா என்று மட்டும் கேட்டாள்.

கருவியை வாங்கினார்கள். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டு அவமானப்பட்டது போதும் என்ற வீம்பு. காலை நடைக்கும் சாயங்கால நடைக்கும் நடுவே மத்தியானம் அவளுக்கு ஓய்வு. ஜன்னலைச் சாத்தினார்கள். ஆரம்பத்தில் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மிக்ஸி மாதிரி சத்தம் போடுதே என்றாள் அவள். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தலை வெடிப்பது போல வலித்தது. முகம் செக்கச் செவேலென்று ஆனது. கழுத்து வியர்த்து ஊற்றியது. மார்புக்குக் கீழே ஜில்லென்று வெளுத்துப்போயிருந்தது. அவள் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு அவனை நிமிர்த்தி உட்காரவைத்தாள். பள்ளிக்கூட வேனிலேயே அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

போய்ச் சேர்வதற்குள் வலி குறைந்துவிட்டது. டூட்டி டாக்டர், என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்று கேட்டார். மறைக்காமல் சொன்னான். டாக்டரின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. திரைக்கு அந்தப் பக்கம் போய் யாரிடமோ ஏதோ சொல்ல, அங்கிருந்து சிரிப்புச் சத்தம். திரும்பி வந்து அவனை விட்டுவிட்டு அவளிடம் பேசினார். "ஏம்மா, இவர் நிலைமை தெரியும்ல? உனக்கு இதெல்லாம் தேவையா?"

வேனில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு ஆஸ்பத்திரியில் எழுந்தது. "தேவைதான். என் வீட்டுக்காரரோட இருக்கிறது எனக்குத் தேவைதான். உங்களுக்கு வைத்தியம் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. சிரிக்காதீங்க."

திரைக்குப் பின்னால் சத்தம் நின்றது. கண்ணாடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தனக்காகச் சேர்ந்து அவமானப்படுகிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தவன், அவளுக்கும் ஒரு பசி இருந்தது, அது அவளுடையது என்று அப்போதுதான் புரிந்துகொண்டான்.

கோச்சுக்கு விஷயம் தெரிந்ததும் திட்டினார். கருவியைப் பத்திச் சொன்ன நான் ஆபத்தையும் சொல்லியிருக்கணும் என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டார். அவர் காட்டிய ஒரு சிறுநீரியல் டாக்டரம்மாவிடம் போனார்கள். கடுகடுவென்று இருப்பாள். ஆனால் அவனைப் பார்த்துப் பேசினாள். காயம் மார்பு மட்டத்தில் இருக்கிறவர்களுக்குக் கீழே பலமாக ஏதாவது நடந்தால், மூளைக்குத் தகவல் போகாமலேயே ரத்தக் குழாய்கள் இறுகி பிரஷர் எகிறிவிடும். சிறுநீர்ப்பை நிரம்பினாலே போதும். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தம் கசியலாம், ஆளே போகலாம் என்றாள். இந்த விஷயத்தைப் பயிற்சி வார்டிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லும்போது அவள் குரலிலும் சூடு ஏறியது. முதல் தடவை ஆஸ்பத்திரியில்தான் செய்து பார்க்க வேண்டும். முன்கூட்டியே மாத்திரை, கையில் பிரஷர் பட்டை, தலை நிமிர்ந்தபடி. தலை வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "குழந்தைக்காக மட்டும்தான் வந்தீங்களா? உங்க ரெண்டு பேருக்கும்னு எதுவும் வேண்டாமா?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். முதலில் பேசியது மனைவிதான். தொட்டால் அவருக்குத் தெரிவதில்லை, அப்புறம் தொட்டு என்ன பிரயோஜனம் என்றாள். டாக்டரம்மா, தெரிகிற இடம் எங்கே முடிகிறது என்று தேடிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பலருக்கு அந்த எல்லையில், உணர்ச்சி இருக்கும் இடமும் இல்லாத இடமும் சேருகிற பட்டையில், தோல் முன்னைவிடக் கூர்மையாக இருக்கும். கழுத்து இருக்கிறது, காது இருக்கிறது, உதடு இருக்கிறது. விழுவதற்கு முன்பு இருந்ததைத் தேடாதீர்கள், இருப்பதைத் தேடுங்கள் என்றாள். மாத்திரையும் எழுதிக் கொடுத்தாள். அவர்கள் என்ன தேடினார்கள், என்ன கண்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தனிக் கட்டிலை அந்த வாரமே பழைய சாமான் கடைக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் மறுபடி முயன்றார்கள். நர்ஸ் பிரஷரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வயிற்றுத் தசை இறுகியது, கால்கள் துள்ளின, வந்துவிட்டது. லேசாகப் பழுப்பு நிறம். பயப்பட வேண்டாம், முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இப்படி இருக்கலாம் என்றார்கள். கண்ணாடி கண்ணை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நர்ஸ் நினைத்தாள். அவன் மனதுக்குள் அந்த ரவுண்ட்ஸ் டாக்டரைக் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டிருந்தான்.

விந்தணுக்கள் போதிய அளவு இருந்தன. நீந்தும் வேகம்தான் குறைவு. கருத்தரிப்பு மையத்தில் இருந்த டாக்டருக்கு அதற்குமேல் பார்க்கப் பொறுமை இல்லை. இந்த முறையும் அவள் பக்கம் திரும்பித்தான் பேசினார். வேற ஒருத்தரோட அணுவை வெளியில இருந்து எடுத்துக்கலாம்மா, யாருக்குத் தெரியப்போகுது என்றார். கணவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவள், அவர்கிட்ட பேசுங்க, அடிபட்டது முதுகுல, காதுல இல்லை என்றாள். எழுந்து வந்துவிட்டார்கள். டாக்டரம்மா வேறு இடத்துக்கு அனுப்பினாள். அங்கே அணுக்களைக் கழுவிச் சுத்தப்படுத்தி, நல்லதை மட்டும் பிரித்துக் கருப்பைக்குள் செலுத்தினார்கள். முதல் முயற்சி வீண். அடுத்ததும் வீண். அந்த நாட்களில் வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்தால் தனக்கு எரிச்சலாக வந்தது என்று அவள் பிறகு ஒப்புக்கொண்டாள். நிறுத்திவிடலாமா என்று அவன் கேட்டான். இந்தத் தடவை கேட்டுவிட்டு அவள் பதிலுக்காகக் காத்திருந்தான். இன்னும் ஒரே தடவை என்றாள். அந்தத் தடவை கரு தங்கியது.

பெண் குழந்தை பிறந்தது. இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமியார் குழந்தையைத் தூக்கினாள், கொஞ்சினாள், ஆனால் உற்று உற்றுப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். தெருவில் ஒருத்தி, வேன் கிளீனர் எந்த ஊர்க்காரன் என்று விசாரித்தாள். அவளே கழுவித் துடைத்து ஓட்டும் வேனுக்குக் கிளீனரே கிடையாது. கண்ணாடியின் காதில் எல்லாம் விழுந்தது. பொறுத்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது, சேர்த்து வைத்துக்கொண்டான்.

குழந்தைக்கு முதல் பிறந்தநாள். வீட்டுக் கூடத்தில் மேஜை போட்டு கேக் வைத்திருந்தார்கள். அண்ணன் குடும்பம், அம்மா, கடை முதலாளி, கோச், பக்கத்து வீட்டுக்காரர்கள். அண்ணன் குழந்தையை வாங்கித் தூக்கிப்பிடித்து, நாலு பேர் காதில் விழும்படி, ஜாடை யாரோடதுன்னே பிடிபடலையேடா தம்பி என்றான். சிலர் சிரித்தார்கள். அம்மா அவனை அதட்டவில்லை. கேக் மேல் மெழுகுவர்த்தியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கண்ணாடி அறைக்குள் போனான். திரும்பி வரும்போது மடியில் அந்தக் கருவி. கேக்குக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்து, சுவிட்சைப் போட்டான். அது உறுமிக்கொண்டு மேஜையில் நகர்ந்தது.

"ஜாடை தெரியலைன்னு சொன்னியே அண்ணா. இதோட ஜாடைதான். இதை எங்க வைக்கணும், எவ்வளவு நேரம் வைக்கணும், அப்ப எனக்கு பிரஷர் எவ்வளவு ஏறும், எல்லாம் சொல்றேன், உட்காரு. வந்ததை எந்த ட்யூப்ல எடுத்தாங்க, இவளுக்குள்ள எப்படி விட்டாங்க, அதையும் சொல்றேன். அம்மா, நீயும் உட்காரு. நீ காதைப் பார்த்தது போதும், இதைப் பாரு."

சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். யாராலும் எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் பிள்ளைகளை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். அண்ணன் குழந்தையைக் கோச்சின் மடியில் இறக்கிவிட்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் நடந்தான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். முதலாளிதான் கருவியை அணைத்தார். கண்ணாடிக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது. வெற்றி என்று நினைத்துத் திரும்பி மனைவியைத் தேடினான். அவள் கூடத்தில் இல்லை.

அடுத்த நாட்களில் அவள் வேலைகளை எல்லாம் செய்தாள். அவனோடு மட்டும் பேசவில்லை. அவன் கெஞ்சிப் பார்த்தான், பிறகு கோபித்தான், உனக்காகத்தானே பேசினேன் என்றான். அதற்குத்தான் பதில் வந்தது.

"உங்க கோவம் நியாயம்தாங்க. ஆனா மேஜை மேல நீங்க வச்சது மெஷின் மட்டும் இல்ல, என்னையும்தான். எனக்குள்ள எப்படி விட்டாங்கன்னு உங்க அண்ணனுக்குத் தெரியணுமா? அந்த டாக்டர் ஊரைக் கூட்டி வச்சுப் பேசினார்னு இன்னிக்கு வரைக்கும் எரியிறீங்க. நீங்க என்ன பண்ணீங்க?"

மன்னிப்புக் கேட்டான். அவள் உடனே இளகவில்லை. கேட்டது காதில் விழுந்தது என்று மட்டும் சொன்னாள். பழையபடி பேச்சு வர மாதக்கணக்கானது. மாமியார் ஒரு நாள் குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டு வந்தாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அண்ணன் இன்றுவரை அந்தப் படி ஏறவில்லை. அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கோச்சும் அவனும் இப்போது பயிற்சி வார்டுக்குப் போகிறார்கள், புதிதாக அடிபட்டு வந்தவர்களைப் பார்க்க. நாற்காலிக்குத் தாவுவதைக் காட்டும்வரை எல்லோருக்கும் சந்தோஷம். கணவன் மனைவி விஷயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் வார்டு நிர்வாகி கூப்பிட்டு, இதெல்லாம் இங்கே வேண்டாம், நோயாளிகள் மனம் கெடும் என்றார். எது கெடும், சொல்வதாலா சொல்லாமல் விடுவதாலா என்று கண்ணாடி கேட்டான். அவர் காவலாளியைப் பார்த்தார். அதன் பிறகு வெளியே, ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேட்க விரும்புகிறவர்கள் நாற்காலியை உருட்டிக்கொண்டு அங்கே வருகிறார்கள். நீங்களாக எதையும் முயலாதீர்கள், முதலில் டாக்டரம்மாவிடம் போங்கள் என்பதைத்தான் அவன் முதலில் சொல்கிறான். தலைவலியைப் பற்றிச் சொல்கிறான். தன் மனைவியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

போன வாரம் ஒரு சின்னப் பெண் அங்கே வந்தாள். புருஷன் உள்ளே கட்டிலில். லாரி மோதிய கேஸ். ஆண்கள் பேசும் இடத்தில் நெருங்கவும் முடியாமல், போகவும் மனமில்லாமல் ஆம்புலன்ஸ் கொட்டகைத் தூணோரம் நின்றாள். கண்ணாடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேன் கதவு திறந்தது. அவனைக் கூட்டிப்போக வந்திருந்த மனைவி இறங்கி வந்து, இருங்க, நான் பேசிக்கிறேன் என்றாள். அந்தப் பெண்ணை வேனுக்குள் ஏற்றி, முன் சீட்டில் உட்காரவைத்து, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்தினாள். சாயங்கால நடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு, இன்னிக்கு கொஞ்சம் லேட்டாகும், பிள்ளைங்களை உள்ளேயே வச்சிருங்க என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப் பெண் பக்கம் திரும்பினாள்.